கண்ணாடி வெளியில் இருக்கட்டும்

அன்னூர்,
பங்குனி 5.

அன்பு அம்முணிக்கு,

மாமன் எழுதுவது. இங்கே நானும் உங்கத்தையும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, வடகம் காயப்போட ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். குளத்துக்கு அத்திக்கடவுத் தண்ணீர் வந்ததிலிருந்து நம் கிணற்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்கிறது. தென்னையில் மட்டும் வெள்ளை ஈ விட்டபாடில்லை, ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கிடக்கிறது. பாப்பாவுக்குச் சளி விட்டதா? ராத்திரியில் மின்விசிறியைக் குறைத்து வை.

அலமாரியில் கண்ணாடி மாட்டுவதைப் பற்றி நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அளவும் கணக்கும் வாயால் சொன்னால் நிற்காது. வேலை செய்கிறபோது பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காகிதம் வேண்டும். அதோடு உன்னைக் கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது. போனில் திட்டினால், "சரிங்க மாமா, மீட்டிங் இருக்குதுங்க" என்று வைத்துவிடுகிறாய்.

திட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அப்புச்சி செய்த அலமாரிக் கதவில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டுக் கண்ணாடியை ஒட்டித் தருகிறேன் என்று யாரோ சொன்னாராம், அரை மணி நேர வேலையாம், நீயும் வரச் சொல்லப் போனாயாம். நல்ல வேளை, அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாய். கண்ணு, அந்தக் கதவை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். இன்னொரு தடவை கிட்டப் போய்ப் பார். நான்கு பக்கமும் சட்டம், நடுவில் பலகை. அந்தப் பலகையில் எங்கேயும் ஆணி இல்லை, வச்சிரமும் வைக்கவில்லை. சட்டத்தில் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் பலகையைச் சும்மா நிறுத்தியிருக்கிறார். உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் லேசாக நகரும். சின்ன வயதில் நீயே அதைத் தட்டித் தட்டி, "அப்புச்சி, இது லொடலொடங்குது" என்று புகார் சொல்வாய். அவர் சிரித்துக்கொண்டே, "அது மூச்சு உட வேணுமல்லொ சாமி" என்பார்.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். மாசி பங்குனியில் நம் ஊர்க் காற்று வறண்டு போகும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்து அடிக்கும். அப்புறம் ஐப்பசி மழை. இந்த ஒரு வருசச் சுற்றில் ஒன்றேகால் அடி அகலத் தேக்குப் பலகைகூட இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஊதிச் சுருங்கும். காடிக்குள் அதற்கு இடம் விட்டிருப்பதால்தான் நாற்பது வருசமாகியும் அந்தக் கதவில் ஒரு கீறல் விழவில்லை. கண்ணாடிக்கு இந்த அசைவு கிடையாது. அசைகிற பலகையில் அசையாததைக் கொண்டுபோய் ஒட்டினால் டேப் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கும், பிறகு ஓரத்திலிருந்து விட ஆரம்பிக்கும். நம் ஒரம்பரையில் ஒரு வீட்டில் அப்படி ஒட்டின கண்ணாடி பட்டப்பகலில் கதவை விட்டுக் கீழே வந்தது. அந்த நேரம் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது. உன் மகள் விளையாட்டுச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவதே அந்த அலமாரிக்குக் கீழேதான் என்று நீதான் போட்டோ அனுப்பினாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே கண்ணாடியைப் போடலாமே என்று மாப்பிள்ளை கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை, வேலை சுலபமாக முடியும். ஆனால் அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. உங்கம்மா கல்யாணம் 1984. அப்போது சீருக்கு எல்லோரும் இரும்பு பீரோ வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புச்சிக்கும் அதை வாங்கத்தான் வேண்டியிருந்தது, சம்பந்தி வீட்டில் எதிர்பார்த்தார்கள். ஆனால் பெண்ணுக்குத் தன் கையால் ஒன்று செய்து அனுப்பாமல் அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த வருசம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டை இடித்தார்கள். அதன் உத்தரத்தைப் பேசி வாங்கி, மாட்டு வண்டியிலும் லாரியிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனைமலைத் தேக்காகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. காட்டிலேயே முற்றி, வீட்டுக்குள்ளே ஒரு தலைமுறைக்கு மேல் காய்ந்த மரம். ஒரே அகலத்தில் இரண்டு கதவுக்கும் ஜோடியாக அறுத்தெடுத்தார். இரண்டு பலகையிலும் ரேகை ஒன்றுக்கொன்று எதிரெதிராக விழுவதைப் பார்த்திருப்பாய். ஒன்றைக் கழற்றினால் மற்றது துணையில்லாமல் நிற்கும். இன்றைக்கு என்ன விலை கொடுத்தாலும் அப்படி ஒரு ஜோடி கிடைக்காது.

டாப்ஸ்லிப் போயிருந்தபோது ஹியூகோ வுட் துரை கல்லறை முன்னால் நாமெல்லாம் நின்று படம் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மலையில் வெட்டின தேக்கை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டுக் கீழே இறக்கினார்கள், அந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். வெட்டி வெட்டி மொட்டையான காட்டைத் திரும்பத் தேக்காக்கியவர் அந்த மனிதர். அங்கே நின்றபோது அப்புச்சி செருப்பைக் கழற்றிவிட்டார். உனக்கு அப்போது ஏழெட்டு வயது, ஏன் கழற்றினார் என்று கேட்டாய். மரத்தில் கை வைத்துச் சாப்பிடுகிறவன் கழற்றத்தான் வேண்டும் என்றார்.

உன் மகளுக்கு அப்புச்சி என்ன வேலை பார்த்தார் என்று சொல்லி வைத்திருக்கிறாயா? சொல்லு. கணபதியில் அவர் வேலை பார்த்த பேட்டர்ன் ஷாப்பைப் பற்றிச் சொல்லு. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகு நம் ஊரில் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்தது. மில்லுக்குப் பின்னால் பவுண்டரி, பவுண்டரிக்குப் பின்னால் மோட்டாரும் பம்பும் கிரைண்டரும். அந்த ஒவ்வொரு இரும்புச் சாமானும் முதலில் ஒரு தச்சன் கையில் மரமாகத்தான் பிறந்தது. மரத்தில் உரு செய்து, அதை மண்ணில் அமுக்கி அச்சு எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகின இரும்பை ஊற்றினார்கள். கோயமுத்தூர் என்றால் இரும்பு வேலை என்று ஊர் உலகம் சொல்கிறது, அதற்குள் இருக்கிற மர வேலையை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது என்றைக்கும் ஆறாத குறை. இப்போது கம்ப்யூட்டர் மெஷின் உரு செதுக்குகிறது, நன்றாகவே செதுக்குகிறது. ஆனால் அந்தக் கைகள் எப்படிப்பட்ட கைகள் என்று பாப்பாவுக்குத் தெரியவேண்டும். பரீட்சை முடிந்ததும் அவளை ஆர்.எஸ்.புரம் பக்கம் காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போ. 1902-ல் ஆரம்பித்தது. எத்தனை வகை மரம், எத்தனை நிறம், எத்தனை ரேகை என்று பலகை பலகையாக வைத்திருப்பார்கள். என்னை அப்புச்சி கூட்டிப் போனது அங்கேதான், தேக்கையும் வேங்கையையும் நான் கண்ணால் பிரித்துப் பார்க்கக் கற்றதும் அங்கேதான்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்புச்சி டிரங்குப் பெட்டியில் இருந்த நீள ஸ்டீல் ஸ்கேலை நீ ஞாபகார்த்தமாக எடுத்துப் போனாய். கண்ணாடிக்கு அளவெடுக்க அதைத் தொட்டுவிடாதே. அது பேட்டர்ன்காரர் ஸ்கேல். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால் மர உருவை அந்த ஒரு பங்கு பெரிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது, அதனால் ஸ்கேலிலேயே கோடுகளைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். அதில் 900 மில்லிமீட்டர் என்று இருக்கிற இடத்தைச் சாதாரண டேப்பில் வைத்துப் பார், 909 இருக்கும். அதில் அளந்து வெட்டக் கொடுத்தால் உன் கண்ணாடி ஒன்பது மில்லி குறைந்துபோகும். வெட்டிக் குறைந்த கண்ணாடியைத் திரும்ப நீட்ட யாராலும் முடியாது. ஸ்கேலைச் சுவரில் மாட்டி வை, பாப்பா கேட்டால் கதை சொல். அளவுக்குப் புது டேப் ஒன்று வாங்கிக்கொள்.

இனி எப்படிச் செய்யப் போகிறோம் என்று கேள். கண்ணாடிக்குத் தனிச் சட்டம். அது கதவின் மேல் உட்காரும், கதவை வெட்டாது. அந்தச் சட்டத்தை நானே செய்து தருகிறேன். அந்த உத்தரத்தில் மிச்சம் விழுந்த இரண்டு துண்டு நம் அட்டாலியில் அப்புச்சி வைத்தபடியே இருக்கிறது, எதற்கும் எடுக்க மனசு வராமல் விட்டு வைத்திருந்தேன். இழைப்புளி போட்டுப் பார்த்தேன், ஒரு இழுப்பிலேயே அந்தப் பழைய நிறம் வந்துவிட்டது, வாசனையும் அதேதான். ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், பின்பக்கம் காடி. திருகாணி நடுப்பலகையில் ஒன்றுகூட ஏறக்கூடாது, கதவின் இரண்டு பக்கச் சட்டத்தில் மட்டும் ஏறவேண்டும். பலகை எத்தனை அசைந்தாலும் அந்த இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் மாறாது, ஏனென்றால் அவற்றை இணைக்கிற குறுக்குச் சட்டம் நீளவாக்கில் கிடக்கிறது. இதை யோசித்து வைத்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, அந்தப் பக்கச் சட்டங்களைத் தேவைக்கு மேல் அகலமாக விட்டிருக்கிறார்.

உயரம்தான் எனக்கு முக்கியம். நீ மாப்பிள்ளையை நிறுத்தி அளவெடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், நீ சொன்ன உயரம் அப்படித்தான் இருந்தது. கண்ணாடி உங்கம்மாவுக்குத்தானே, அவளை நிறுத்தி எடு. அவள் ஐந்தடி, நீ ஐந்தேகாலுக்கும் மேல். ஒரு ஆள் தலையிலிருந்து கால் வரை தெரிவதற்கு ஆள் உயரத்தில் பாதிக் கண்ணாடி போதும், எத்தனை தள்ளி நின்றாலும் அதே பாதிதான். மேல் விளிம்பு கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் வரவேண்டும். கீழ் விளிம்பு, தரையிலிருந்து கண் எத்தனை உயரமோ அதில் பாதியில் வரவேண்டும். அந்தக் கணக்கில் தரையிலிருந்து 28 அங்குலத்தில் தொடங்கி 63 அங்குலத்தில் முடிந்தால் அவளுக்கும் சரி, உனக்கும் சரி. முக்காலியில் உட்கார்ந்து தலை வாரினால் அவள் முகம் நடுவில் விழும். பாப்பாவுக்கும் முகமும் சட்டையும் தெரியும், எக்க வேண்டியதில்லை. மூன்றடிக் கண்ணாடி போதும். அகலம் நான் சட்டம் செய்து முடித்ததும் சொல்கிறேன், பதினாலு பதினைந்து அங்குலத்துக்குள் வரும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். கண்ணாடியைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டலாம் என்று சொன்னாய். ஒரம்பரை வந்தால் ஒன்றும் பேச மாட்டார்கள், அம்மாவுக்குச் சங்கடம் இருக்காது, வேண்டும்போது கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாய். நீ அவள் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் அம்முணி. அது வெளியில் இருக்கட்டும்.

உங்கப்பா போன பிறகு நீங்கள் சரவணம்பட்டிக்குக் குடி போனபோது அந்த இரும்பு பீரோவை இங்கேயே விடச் சொன்னது உங்கம்மாதான். அபார்ட்மெண்டில் இடம் இல்லை என்றாள். இடம் இருந்தது. அதில் ஆள் உயரக் கண்ணாடி இருந்தது, அதனால்தான் விட்டாள். உனக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், இத்தனை நாள் நாம் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நிழல் பார்த்து அவள் தலை வாருகிறாள் என்று நீ சொன்ன அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஒரு அத்தை இருந்தாள், அப்புச்சியின் அக்கா. நீ பார்த்ததில்லை. இருபது வயதுக்குள் தாலி இழந்தவள். வெள்ளைச் சீலைதான் கடைசி வரைக்கும். கல்யாண வீட்டில் சமையல் கட்டோடு நின்றுவிடுவாள், பெண் மாப்பிள்ளை வெளியே வருகிற நேரம் பார்த்து ஒதுங்கிக்கொள்வாள். அவள் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்து எங்களைக் கூப்பிட்டு, "நெத்தியில துண்ணூறு நேரா இருக்குதா கண்ணு?" என்று கேட்பாள். நாங்கள் பிள்ளைகள்தான் அவளுக்குக் கண்ணாடி. கோணலாக இருந்தால் விரலால் அழித்துச் சரி செய்வோம். அப்போது அது விளையாட்டாக இருந்தது. தன் முகத்தைத் தானே பார்க்கக் கூடாது என்று ஒரு மனுசியை யார் வைத்தார்கள் என்று வளர்ந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. அப்புச்சிக்கும் அந்த வருத்தம் இருந்தது. வெளியில் சொல்ல மாட்டார். அக்கா செத்த அன்றைக்கு, "எங்கக்கா எப்படி இருப்பாண்ணு அவளுக்கே தெரியாமப் போயிட்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இதெல்லாம் பழைய காலம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டுக்காரர் பெரியார் 1909-லேயே ஊர் எதிர்ப்பை மீறித் தன் தங்கை மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். அதற்கு நூறு வருசத்துக்கு மேல் கழித்து, 2023-ல், நமக்குப் பக்கத்து நம்பியூர் வட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண் கோயில் திருவிழாவுக்குள் வரக்கூடாது என்று தடுத்து, அது சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தக் கோயிலில் பூசை செய்தவரே அவர் கணவர்தான். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கல்யாணம் ஆனதையோ ஆகாததையோ வைத்து ஒரு பெண்ணின் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது என்று தீர்ப்பில் எழுதி, போலீஸ் பாதுகாப்போடு அவர் கலந்துகொள்ள வழி செய்தார். நான் பேப்பரில் படித்துவிட்டு உங்கத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நீதிமன்றம் கோயில் வாசல் வரைக்கும் வரும். வீட்டு அலமாரிக்கு நாம்தான் வரவேண்டும்.

உங்கம்மாவை யாரும் தடுக்கவில்லை, உன் வீட்டில் அப்படி ஒரு சொல் விழாது. அவளே தன்னைத் தடுத்துக்கொண்டிருக்கிறாள், அந்த அத்தையைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கதவுக்கு உள்ளே கண்ணாடி வைத்தால் அவள் அதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற ஒரு காரியமாகத்தான் நினைப்பாள். துணி எடுக்கிற சாக்கில் திறந்து, யாராவது வந்தால் மூடுவாள். வெளியில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற கதவில் இருந்தால் போகிற போக்கில் தன்னைப் பார்ப்பாள். முதல் வாரம் குனிந்துகொண்டே போனாலும் போவாள். நீ ஒன்றும் சொல்லாதே, "பாரும்மா" என்று கூப்பிடாதே. பாப்பா அவளை இழுத்து வந்து முன்னால் நிறுத்துவாள், பிள்ளைகள் அதைச் செய்துவிடும். ஒரம்பரையில் எவராவது முகத்தைச் சுளித்தால் என்னிடம் அனுப்பு. நான் பேசிக்கொள்கிறேன்.

சரி, கண்ணாடி வாங்குவதைப் பற்றி. நாலு மில்லி கனம் வாங்கு. மூன்று மில்லி வாங்கினால் உருவம் நெளியும், ஐந்து மில்லி கீலுக்குப் பாரம். நாலு மில்லிக் கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்து கிலோ, நம் அளவுக்கு மூன்றரை கிலோவுக்குள் வரும், சட்டத்தோடு சேர்த்து ஐந்து கிலோ. கடையில் வெட்டுவதற்கு முன்னால் முழுத் தகட்டில் டியூப் லைட் நிழலைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நட. கோடு நேராக வந்தால் வாங்கு, அலை அடித்தால் வேறு தகடு கேள். பின்பக்கப் பெயிண்டில் கீறல் இருந்தால் வேண்டவே வேண்டாம். அந்தப் பெயிண்டுக்குக் கீழே இருக்கிற வெள்ளிப்பூச்சு ஒரு தலைமுடிக் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, கீறல் வழியாக ஈரம் போனால் ஓரம் கறுத்துக்கொண்டே வரும். இதனால்தான் புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் பசையைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்கிறேன், அந்தப் புளிப்பு வெள்ளியைத் தின்னும். துடைப்பதற்குக் கடையில் விற்கிற அம்மோனியாத் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடை. தண்ணீரைக் கண்ணாடியில் அடிக்காதே, வழிந்து காடிக்குள் இறங்கும்.

காடியின் உள்பக்கம் முழுக்க நான் கறுப்புப் பெயிண்ட் அடித்து அனுப்புவேன். ஏன் இப்படிப் பாழாக்கியிருக்கிறார் என்று நினைத்துவிடாதே. அடிக்காவிட்டால் கண்ணாடி ஓரத்தில் காடியின் பூசாத மரம் வெளிர்க் கோடாகத் தெரியும். கண்ணாடியின் கீழ் விளிம்பு இரண்டு கார்க் துண்டு மேல் உட்காரும், சுற்றிலும் இரண்டு மில்லி இடைவெளி இருக்கும், பின்னால் மெல்லிய பிளைவுட், அதைச் சின்னச் சின்னப் பித்தளைத் திருகாணி பிடித்திருக்கும். பசை எங்கேயும் கிடையாது. நாளைக்குப் பாப்பா பெரியவளாகிக் கண்ணாடியை மாற்ற நினைத்தாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு முடிந்துவிடும். மெருகு அரக்குதான், அப்புச்சி போட்டதே அதுதான். நீ அதன் மேல் வேறு எதையும் பூசச் சொல்லாதே.

மாட்டுகிற வேலை உன்னுடையது. நீ செய்வாய், உனக்கு அந்தக் கை இருக்கிறது. பத்து வயதில் பட்டறையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்து போனவள் நீ. முதலில் துளை போடு. அந்தத் துளையில் இரும்புத் திருகாணியை ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டு அப்புறம் பித்தளையை ஏற்று, நேரடியாக ஏற்றினால் முற்றின தேக்கில் பித்தளைத் தலை முறிந்துவிடும். நுனியில் கொஞ்சம் சோப்பு தடவிக்கொள். கதவில் இப்போது இரண்டு கீல் இருக்கிறது, நடுவில் மூன்றாவது ஒன்று கட்டாயம் போடவேண்டும், அதே மாதிரிப் பித்தளைக் கீல் நான் தேடி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அலமாரியின் தலைப்பக்கத்தை இரும்பு ஆங்கிள் போட்டுச் சுவரோடு பிடித்துவிடு. கனமான கதவைத் திறந்து ஒரு பிள்ளை தொங்கினால் அலமாரியே முன்னால் சாயும். இதை மாப்பிள்ளையிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யச் சொல், கண்ணாடி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அலமாரியை இப்போது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருட்டு மூலையில் வைத்திருக்கிறாய். சுவரோடு பிடிப்பதற்கு முன்னால் அதைக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தள்ளி வை. வெளிச்சம் பார்க்கிறவர் முகத்தில் விழவேண்டும், கண்ணாடியில் நேரே விழக்கூடாது.

சித்திரை ஒன்றுக்கு இன்னும் மாசம் ஒன்றுகூட இல்லை. உங்கம்மா கனி வைக்கிற அழகு நம் வீட்டில் வேறு யாருக்கும் வராது. மாம்பழமும் பலாவும் வாழையும், வெற்றிலை பாக்கு, கொன்றைப் பூ, நகை, காசு எல்லாம் தட்டில் அடுக்கி, பின்னால் கண்ணாடியை நிறுத்தி, விடியற்காலையில் எல்லோர் கண்ணையும் பொத்திக் கூட்டிவந்து காட்டுவாள். உங்கப்பா போனதிலிருந்து அவள் அந்தத் தட்டைத் தொடுவதில்லை, நீதான் வைக்கிறாய். இந்த வருசம் அந்தக் கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டுத் தட்டை அதன் மேல் வை. பழத்தை அடுக்கச் சொல்லி உங்கம்மா கையில் கொடு. "எனக்கு வரலைம்மா, நீயே வெச்சுக் குடு" என்று சொல், அது பொய்யும் இல்லை. நானும் அத்தையும் முந்தின நாள் சாயங்காலமே சத்தி ரோட்டுப் பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறோம். நம் மரத்துத் தேங்காயும் வாழைத்தாரும் கொண்டுவருகிறேன், பலா நீ வாங்கிவிடு.

சட்டம் அடுத்த வாரக் கடைசிக்குள் முடிந்துவிடும். மாப்பிள்ளையை அன்னூர் வந்து வாங்கிப் போகச் சொல். அதற்குள் நீ எனக்கு மூன்று அளவு அனுப்பவேண்டும். ஒன்று, கதவின் பக்கச் சட்டம் எத்தனை அகலம் என்று மேலும் கீழும் இரண்டு இடத்தில். இரண்டு, தரையிலிருந்து கதவின் அடி விளிம்பு வரை. மூன்று, உங்கம்மா செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்றால் அவள் கண் எத்தனை உயரம். எதற்கு என்று கேட்டால் மாமா கேட்டார் என்று உண்மையைச் சொல். சட்டம் உன் கைக்கு வந்து, காடியை உள்ளே அளந்து, என்னிடம் ஒரு தடவை பேசிய பிறகுதான் கண்ணாடியை வெட்டக் கொடுக்கவேண்டும். அதுவரை எந்தக் கடையிலும் முன்பணம் கொடுத்துவிடாதே.

பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்